ஜெபச் சீட்டில் நான் கேட்டது

என் மனைவி ஒரு சண்டைக்காரி. இதை இப்போது குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் குறையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அது வேறு விஷயம். காய்கறி வண்டிக்காரர் தராசைத் தூக்கும்போதே அவள் குரலும் உயரும். தெருக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதல் சத்தம் எங்கள் வீட்டிலிருந்துதான் கேட்கும். என்னோடு போடுகிற சண்டைக்கு நேரம் காலமே கிடையாது. ஆனால் வெளியாள் ஒருத்தர் என்னை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எந்த விசாரணையும் இல்லாமல் என் கட்சிக்கு வந்துவிடுவாள். ஒருமுறை எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் என்னை நாலு பேர் முன்னால் கடிந்துகொண்டார். தப்பு என்னுடையதுதான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் எல்லாரும் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்தில், அவர் இருக்கும் பந்தியில் இவள் உட்கார்ந்ததே இல்லை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐந்து தலைமுறைக்கு முன்பே வேதத்துக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். அந்த முதல் தாத்தா வீட்டையும் நிலத்தையும் கூடப்பிறந்தவர்களையும் விட்டுவிட்டு வந்தாராம். மனந்திரும்புகிற வேலையை அவரே எங்கள் எல்லாருக்கும் சேர்த்து முடித்துவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியும், கிறிஸ்துமஸ் முறுக்கும், வருஷத்துக்கு ஒருமுறை கல்லறைக்கு வெள்ளையடிக்கிற வேலையும்தான். ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவன் நான். குரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லுவார்கள். முப்பது வருஷம் வாசித்திருக்கிறேன். உலகத்தின் மேல் ஆசை வைக்காதே என்று வருகிற பகுதிகளை எல்லாம் நிறுத்தி, அழுத்தி, நல்ல ஏற்ற இறக்கத்தோடு வாசித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஆட்டுக்கறிக் குழம்பில் எலும்பு குறைவாக இருக்கிறது என்று முகம் சுளித்திருக்கிறேன்.

அவளுடைய பெரிய சண்டை அவள் அக்காவோடு. அக்கா ஆழ்வார்திருநகரியைத் தாண்டி நாசரேத்தில் இருந்தார். இவர்களுடைய அம்மா இறந்தபோது ஒரு இரட்டைவடச் சங்கிலி அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டது. அது தனக்கென்று அம்மா வாயாலேயே சொன்னது என்பது என் மனைவியின் வாதம். பதினோரு வருஷம் அந்தச் சங்கிலி எங்கள் வீட்டில் காலைக் காபியோடு சேர்ந்து வந்தது. யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும், அங்கே அக்கா கழுத்தில் அது கிடந்ததா இல்லையா என்பதுதான் முதல் செய்தி. நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். தாளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கதை வந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு நகை மேலும் சேலை மேலும் இருந்த பிடிமானம் என் மேலும் இருந்தது. சீலா மீன் வாங்கினால் நடுத்துண்டு எனக்கு. விருந்தாளி வந்திருந்தால் அதை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி மேல்தட்டில் ஒளித்துவைத்துவிட்டு, "மீன் கொஞ்சமாத்தான் கெடச்சிது" என்று கூசாமல் சொல்லுவாள். கூட வேலை பார்த்த ஒரு டீச்சர் எனக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தார் என்பதற்காக மூன்று நாள் பேசாமல் இருந்தாள். நான் இதையெல்லாம் தொல்லை என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு மடையன் கிடையாது.

எங்கள் கோயிலில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பகலில் உபவாச ஜெபம் நடக்கும். வாசலில் ஒரு மேஜை, அதன் மேல் துண்டுத் தாள்கள், நூல் கட்டிய பேனா. வேண்டியதை எழுதிப் பெட்டியில் போட்டால் ஐயர் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்லுவோம். பேர் எழுத வேண்டியதில்லை. 'ஒரு சகோதரி', 'ஒரு தகப்பன்' என்று போட்டால் போதும். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், மாமியாருக்கு மூட்டுவலி, இப்படித்தான் எல்லாரும் எழுதுவார்கள்.

அன்று காலை சங்கிலிக் கதை வழக்கத்தைவிட நீளமாகப் போயிருந்தது. அந்தக் கடுப்போடு கோயிலுக்கு வந்தவன், மேஜையில் பேனாவைப் பார்த்ததும் எடுத்து எழுதினேன். என் மனைவி உலகப் பற்றுகளிலிருந்து விடுதலை பெற ஜெபிக்கவும், ஒரு சகோதரர் என்று. எழுதிவிட்டுப் பார்த்தேன். என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. 'விடுதலை'க்கு முன்னால் 'முற்றிலும்' என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். வாத்தியார் புத்தி.

ஐயர் அதை வாசித்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் ஆமென் சொன்னார்கள். அதில் கனத்த குரல் என் மனைவியுடையது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவளே பேச்செடுத்தாள்.

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ. எப்படிப்பட்டவளக் கட்டிக்கிட்டு அவஸ்தப்படுதானோ" என்றாள்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நானும் அந்தச் சீட்டை மறந்துபோனேன். பிறகு என் மனைவி, அடுத்த தெருவில் ஒரு அம்மா கூப்பிட்டார்கள் என்று வண்ணாரப்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு சபைக்குப் போய்வரத் தொடங்கினாள். கைதட்டிப் பாடுகிற கூட்டம். எங்கள் கோயில்காரர்களுக்கு அது கொஞ்சம் இளப்பம். ஒரு மாதம் போனால் சலித்துவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் சாயங்காலம் அங்கிருந்து வந்தவள், பையைக்கூட வைக்காமல் அடுப்பங்கரையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலைசுற்றல் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோனேன்.

"ஒண்ணுமில்ல. பாத்துட்டேன்" என்றாள்.

"எதைப் பாத்த?"

"என்னையத்தான். இம்புட்டு அழுக்கோட எப்படி இருந்தேன்னு தெரியல" என்றாள். அழுதாள் என்று சொல்ல முடியாது. கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அக்காவுக்கு ஃபோன் போட்டாள். "அக்கா, அந்தச் சங்கிலி உனக்குத்தான். இத்தன வருசமா உன்ன மனசுக்குள்ள கரிச்சிக் கொட்டிட்டு இருந்துட்டேன். என்ன மன்னிச்சிரு" என்றாள். ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்கிற சத்தத்தில் அக்கா கேட்டார்: "யாருட்டி சொல்லிக் குடுத்தா? என்ன திட்டம் போடுத?"

அன்று மத்தியானமே அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். டிபன் டப்பாவுக்குள் கைக்குட்டையில் சுற்றி அந்தச் சங்கிலி இருந்தது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். என் மனைவி சங்கிலியைக் கையால்கூடத் தொடவில்லை. "கோவத்துல சொல்லலக்கா, நெசமாவே வேண்டாம்" என்றாள். போகும்போது அக்கா என்னை வாசலுக்குத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, எதுக்கும் ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஒரே சந்தோஷம். அன்று ராத்திரி நான் தூங்கிய தூக்கம் மாதிரி பதினோரு வருஷத்தில் தூங்கியதில்லை. எதிர்வீட்டில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார், தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், நெற்றி நிறைய விபூதி பூசுகிற சைவர். அவரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். சீட்டு எழுதின கதையையும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் டி.வி. சீரியல். பிறகு தெருச் சண்டை. காய்கறிக்காரர் தராசைத் தூக்கிவிட்டு இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். இவள் ஒன்றும் சொல்லமாட்டாள். பாவம், அவர் பயந்துபோய் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டுவிட்டுப் போவார். பிறகு வளையல், அதன் பிறகு கம்மல். பட்டுச்சேலைகளைக் கோயம்புத்தூரில் இருக்கிற மகளுக்கு அனுப்பிவிட்டாள். மகள் எனக்கு ஃபோன் பண்ணி, "அம்மாவுக்கு என்னப்பா? உங்க ரெண்டு பேருக்கும் ஏதும் சண்டையா?" என்று கேட்டாள். சண்டை இல்லாததுதான் பிரச்சினை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஒருநாள், முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்றாள். நமக்குத்தான் ஏற்கெனவே ஆகிவிட்டதே என்றேன். "அப்ப எனக்கு நாப்பது நாள். யாரு என்னக் கேட்டு நான் சரின்னு சொன்னேன்?" என்றாள். பழைய குரலில் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே என்னிடம் விவரம் கேட்பது போலக் கேட்டாள்.

சேரன்மகாதேவியில் ஆற்றங்கரை. காலை ஏழு மணி இருக்கும். வயலில் நாற்று நட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது. வெள்ளைச் சேலை கட்டின பெண்களும் வெள்ளை வேட்டி கட்டின ஆண்களுமாகப் பதினைந்து பேர் பாடிக்கொண்டு நின்றார்கள். பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். நான் துண்டும் மாற்றுச் சேலையும் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். அவள் முறை வந்தபோது தண்ணீருக்குப் போகாமல் என்னிடம் வந்து கழுத்தைக் காட்டினாள்.

எங்கள் தாலி சங்கிலியில் கோத்தது. ஒரு சின்னப் பொன் தகட்டில் புறா பொறித்திருக்கும். பீடத்துக்கு முன்னால் ஐயர் ஜெபித்துக் கொடுக்க, நான் என் கையால் மாட்டிவிட்டது. எங்கள் ஜனங்களில் புருஷன் கண்ணை மூடினால்தான் அதைக் கழற்றுவார்கள்.

"நீங்க போட்டது. நீங்களே எடுத்திருங்க" என்றாள். "மனசில்லன்னா சொல்லுங்க, இப்படியே இறங்குதேன். உங்கள மீறிச் செய்ய மாட்டேன். ஆனா எனக்கு இது இனிமே வெறும் பொன்னுதான்."

மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது இன்றைக்கும் அவள் கழுத்தில் கிடந்திருக்கும். ஆனால் வெறும் பொன்னாகத்தானே கிடக்கும்? அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சோறு தின்ன? பதினைந்து பேரும் பாட்டை மெல்லக் குறைத்து எங்களையே பார்த்தார்கள். கொக்கி அத்தனை வருஷத்து வேர்வையும் சோப்பும் ஏறி இறுகிக் கிடந்தது. ஒரு அம்மா உதவிக்கு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உயிரோடு நின்று, என் பெண்டாட்டி தாலியை நானே கழற்றினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தவரைப் பார்த்துச் சிரிப்போமே, அப்படி ஒரு நன்றியான சிரிப்பு.

முங்கி எழுந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்தது கிடையாது. எங்கள் கல்யாணத்தன்று இல்லை. மகள் பிறந்து அவள் கையில் கொடுத்தபோதும் இல்லை. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எத்தனையோ பேர் எழுந்து நின்று சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு ஆள் மனந்திரும்பியதைக் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். பொய் என்றால் நான் பிழைத்திருப்பேன். அது பொய் இல்லை. எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

வீட்டில் அவள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குப் பாவம் செய்தவனாவேன். வேளைக்குச் சாப்பாடு, சலவை வேட்டி, மாத்திரை, வெந்நீர். முன்பு முணுமுணுத்துக்கொண்டு செய்ததை இப்போது முகம் மலர்ந்து செய்தாள். ஆனால் நடுத்துண்டு மீன், அன்று யார் வந்தார்களோ அவர்கள் தட்டில் விழுந்தது. குழாய் ரிப்பேர் பண்ண வந்தவருக்கு ஒருநாள் விழுந்தது. அவர் சாப்பிடுவதை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. அவளைப் பழையபடி ஆக்க என்னென்னவோ செய்துபார்த்தேன். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டேன். எடுத்துக் கொடியில் போட்டாள். சொல்லாமல் பாபநாசம் வரைக்கும் பஸ் ஏறிப் போய், அருவியைப் பார்க்கக்கூட மனமில்லாமல் படித்துறையில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்பினேன். "வந்துட்டியளா, காலு கழுவிட்டு வாங்க" என்றாள். கடைசியில் அந்த ஊறுகாய் டீச்சரைப் பற்றிப் பேச்செடுத்தேன். என்ன கைப்பக்குவம், என்ன அடக்கம் என்று நாலு வார்த்தை கூட்டியே சொன்னேன். அவள் கண்ணை மூடி, "அவங்க வீட்டுக்காரருக்குச் சுகமில்லன்னு கேள்விப்பட்டேன். ஜெபிப்போம்" என்றாள். டீச்சருக்காக நானும் முழங்காலில் நிற்க வேண்டியதாயிற்று.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த உலகத்தில் ஒருத்திக்காவது நான் மற்றவர்களைவிட ஒரு பிடி கூடுதலாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். அது போய்விட்டது என்று யாரிடம் முறையிடுவது? அவள் என்னை வெறுத்திருந்தால் பெரியவர்களை வைத்துப் பேசலாம். நேசிக்கிறாள். எல்லாரையும் நேசிக்கிறாள்.

எதிர்வீட்டு அண்ணாச்சியிடம்தான் மறுபடியும் போனேன். "எங்க ஆட்கள் எல்லாத்தையும் விட்டுட்டுக் காசிக்குப் போவாங்கவே" என்றார். "உம்ம வீட்டுல காசியே அடுப்பங்கரைக்கு வந்துட்டு. நீரு எங்க போவீரு?" அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

ஐயரிடமும் போனேன். சீட்டு எழுதினது நான்தான் என்று ஒத்துக்கொண்டேன். அவர் சின்ன வயதுக்காரர், நல்லவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "சார், நாங்க எவ்வளவோ கேக்கோம். கேட்டது கேட்டபடியே கெடைச்சிட்டுன்னு யாரும் வந்து சொன்னதில்ல. வருத்தத்தோட வந்து சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றார். திருப்பிக் கேட்கலாமா என்று கேட்டேன். என்னவென்று கேட்பீர்கள் என்றார். என் மனைவி பழையபடி சங்கிலிக்குச் சண்டை போட வேண்டும் என்றா? அதற்குள் ஐயரம்மா காபி கொண்டுவந்தார்கள்.

போன வருஷம் எனக்கு நெஞ்சில் வலி வந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில் விக்கிரமசிங்கபுரம் பக்கத்து விவசாயி ஒருத்தர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பெண்டாட்டி இறந்து ரொம்ப வருஷம் ஆயிற்றாம். மகனுக்கு ஏதோ கம்பெனி வேலை. மத்தியானம் வந்து மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு அரைமணியில் போய்விடுவார். அந்த நேரத்தில்தான் என் மனைவி வீட்டுக்குப் போய்ச் சமைத்துக்கொண்டு வருவாள். அதனால் மகனும் அவளும் பார்த்துக்கொண்டதே இல்லை.

நோய் வந்ததில் எனக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சாகக் கிடக்கிற புருஷனைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் பழையது திரும்பிவிடும் என்று நினைத்தேன். அவள் வந்தாள். கஞ்சி கொண்டுவந்தாள், இரண்டு தூக்குவாளியில். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. எனக்கு வாய் துடைத்துவிட்டு அவருக்குத் துடைத்தாள். என் காலைப் பிடித்துவிட்டு அவர் காலைப் பிடித்துவிட்டாள். ஜெபிக்கும்போது ஒரு கை என் கட்டிலிலும் ஒரு கை அவர் கட்டிலிலும் இருக்கும். நான் கண்ணைத் திறந்து பார்ப்பேன். என் பக்கத்துக் கை கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். தெரியவில்லை. அவரோ, "எந்தச் சாமியானா என்ன தாயி, கை பட்டா குளுமையா இருக்கு" என்பார்.

நாலாவது நாள் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஏட்டி, நான் செத்துப்போனா நீ அழுவியா?"

முன்பென்றால் வாயில் அடித்திருப்பாள். என்ன பேச்சு பேசுதிய, வாயக் கழுவுங்க என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தியிருப்பாள். இப்போது அவள் யோசித்தாள். அந்த யோசனைதான் என்னைக் கொன்றது. பொய் சொல்லக் கூடாது என்று யோசிக்கிறாள்.

"அழுவேன்" என்றாள். பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். "அவரு போனாலும் அழுவேன்."

இரண்டு நாள் கழித்துக் காலை பதினோரு மணிக்கு அந்தப் பெரியவர் போய்விட்டார். டாக்டர் வந்தார், நர்ஸுகள் ஓடினார்கள், பிறகு வெள்ளைத் துணியை இழுத்து மூடினார்கள். என் மனைவி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். மாய்மால அழுகை இல்லை. தோள் குலுங்க, மூச்சு முட்ட, முந்தானை நனைய அழுதாள். நான் தலையணையில் சாய்ந்து ஒன்றும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் இதுதான். இதில் குறைச்சலாகவும் இருக்காது, கூடுதலாகவும் இருக்காது. தன் சாவுக்குப் பெண்டாட்டி அழப்போகிற அழுகையை எத்தனை பேருக்கு முன்கூட்டியே பார்க்கக் கிடைக்கும்? செத்துப்போன அந்த மனுஷன் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அப்போது மகன் வந்து சேர்ந்தார். நாற்பது வயது ஆள், வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்திருந்தார். தகப்பனின் முகத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் காலடியில் அழுகிறவளைக் கவனித்தார். வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து, வெறும் காது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் பக்கம் வந்து குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, இந்த அம்மா யாரு? ஆஸ்பத்திரிக்கு ஜெபம் பண்ண வாறவங்களா?"

என் சம்சாரம் என்று இரண்டு வார்த்தை. சொல்ல வாய் திறந்தேன். அவள் அழுகையை நிறுத்தித் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கேள்வி கேட்டுவிட்டது என்று தெரிந்தது. எனக்குள்ளே ஒரு கெட்ட புத்தி எழுந்தது. இதற்காவது கோபம் வரட்டும். யாரைப் பாத்து யாருன்னு சொல்லுதிய என்று ஒருமுறை எகிறட்டும்.

"ஆமா. ஜெபம் பண்ண வாற அம்மாதான்" என்றேன், அவளுக்குக் கேட்கும்படியாகவே.

அவள் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடினேன். பரிதாபம்தான் இருந்தது, அதுவும் அந்த மகனைப் பார்த்ததும் அப்படியே அவர் மேல் போய்விட்டது. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாவத் தூக்குறதுக்கு முந்தி ஒரு ஜெபம் பண்ணட்டுமாப்பா?" என்று அவரிடம் கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் ஒரு கையைப் பெரியவர் மேல் வைத்தாள், இன்னொரு கையை மகனின் தலையில் வைத்தாள். என் கட்டிலுக்கு வைக்க அவளிடம் மூன்றாவது கை இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.